கோயில் கூரையில் அடிக்காத தகரம்

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணத் தெரியாத ஒரே மனிதர், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூரை பாஸ்தான். பாஸ் என்றால் எங்கள் பக்கம் மேஸ்திரி. முப்பது வருடம் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் கூரைத் தகரம் மாற்றி மாற்றி, மனிதர்களை மேலிருந்து பார்த்தே பழகிவிட்டார்.

"யாருங்க நீங்க?" என்று என்னையே கேட்பார்.

"ஸ்கூல் மாஸ்டர், பாஸ். நேத்துக்கூடப் பேசினோமே."

"அப்படிச் சொன்னா எப்பிடி? எந்தக் கூரை?"

"மேட்டு லயம், மூணாவது காம்பரா."

"அட, ஓட்டை மேல டயர் வச்சிருக்கிறவரா! வாங்க, வாங்க!"

கல்யாண வீட்டில் மணமக்கள் காலில் விழுந்தால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே திருநீறு பூசுவார். "நல்லா இருங்க. மழைக்கு முன்னாடி அந்த மூலையக் கவனிங்க." ஒருமுறை திருநீறு மாப்பிள்ளையின் காதுக்குள் போனது.

மூன்று வருடத்துக்கு முன், திருவிழாவுக்காக மாரியம்மன் கோயில் கூரையைப் பிரித்து மாற்றும் வேலை அவருக்கு வந்தது. அதே வாரம் கோயிலுக்குள் சண்பக வாசம் எழுந்தது. பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்று மோந்து பார்ப்பதைப் போல இருக்கும். எங்கள் தோட்டத்திலோ ஒரு சண்பக மரமும் கிடையாது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கமிட்டித் தலைவர் சாமி முன் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துப் பூட்டினார். காலையில் திறந்தால் தோல் மட்டும்.

"அம்மா உரிச்சுத்தான் சாப்பிடுறா!" தலைவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்குக் குழப்பம். கும்பிடுவதா, கொடுப்புக்குள் சிரிப்பதா?

குழப்பம் போதாதென்று பாஸ் வேலையை நிறுத்தினார். பின் மூலையில் கடைசித் தகரம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

"பாஸ், வெள்ளிக்கிழமை கொடி ஏத்தணும்!"

"ஏத்துங்க. கொடி கம்பத்துலதானே ஏறுது?"

தலைவர் ஹட்டனில் இருந்து வேறு பாஸை வரச் சொன்னார். அந்த ஆள் வந்த காலை தோட்டத்தின் ஒரே நீள ஏணியைக் காணவில்லை. அண்ணாந்து பார்த்தோம். கூரை பாஸ் ஏணியை மேலே இழுத்து வைத்துக்கொண்டு, மழையில் படங்கைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர் மட்டும் ஏறட்டும்! ஒழுகுற கூரைய நாலு வருஷம் பொறுத்த மனுசன் அவரு ஒருத்தர்தான்!"

ஏணி இறங்கியது. ஏறினேன். அடிக்காத இடைவெளியில், சீலிங் பலகைமேல், நீண்ட வாலைச் சுற்றிக்கொண்டு பொன்னிறத்தில் ஒரு பிராணி தூங்கியது. வயிற்றோடு ஒட்டி இரண்டு குட்டிகள்.

"மரநாய் மாஸ்டர். பகலெல்லாம் தூக்கம். பொழுது சாஞ்சா மரத்துக்கு மரம் தாவி, கித்துள் பழம், கொய்யான்னு தேடிப் போகும். போக வர இந்த ஒரு வழிதான். அடைச்சா தாய் வெளிய, குட்டி உள்ள. செத்துப் போயிரும்."

"சண்பக வாசம்?"

"அது இதோட ஒடம்பு வாசந்தான். ராத்திரி பலகை இடுக்கால எறங்கி வாழைப்பழம் தின்னதும் இதுதான்."

"கமிட்டியில சொல்லக் கூடாதா?"

"கமிட்டியில நாலு பேரு கோழி வளக்கிறவங்க. புகை போட்டுருவாங்க."

"அப்ப அம்மன்னே சொல்லிருங்களேன்."

"கூரை மேல நின்னு பொய் சொன்னா வழுக்கும் மாஸ்டர். அதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க எறங்கிச் சொல்லுங்க."

இறங்கினேன். கூட்டம் என் வாயைப் பார்த்தது. மரநாய்க்குச் சண்பக வாசம் கொடுத்து, அதைத் தன் தலைக்கு மேலேயே படுக்க வைத்தவளை என்னவென்று சொல்வது? தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். "மரநாய். ரெண்டு குட்டி போட்டிருக்கு."

கோழிக்காரர்கள் புகை போடத் தேங்காய் மட்டை தேடினார்கள். அதற்குள் யாரோ கேட்டார்: "கோயிலுக்குள்ள பிரசவம்னா தீட்டு ஆச்சே?"

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி தலையைச் சொறிந்தார். "மனுசங்களுக்குன்னா முப்பது நாளு. மரநாய்க்கு... நான் கேள்விப்படலீங்களே."

சீலிங்குக்கு மேலே நடந்த பிரசவத்தின் தீட்டு பலகை வழியாகக் கீழே இறங்குமா என்று அரைமணி நேரம் வாதம். ஹட்டன் பாஸ் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார். கொழுந்துக் கூடையோடு வந்து நின்ற தலைவரின் மனைவிதான் முடித்து வைத்தார்.

"பச்ச ஒடம்புக்காரி தலமாட்டுல சுத்தியலால அடிப்பீங்களா? ராத்திரி ஒங்க தலமாட்டுல நான் அடிக்கவா?"

தலைவர் உடனே தெளிந்தார். தீட்டு பலகையோடு நிற்கும், கொடி ஏறலாம், முப்பது நாளைக்கு ஆணிச் சத்தம் கூடாது, புகையும் கூடாது. திருவிழாவன்று அந்த ஓட்டை வழியே மழை சரியாகத் தலைவரின் உச்சியில் விழுந்தது. "அம்மா தீர்த்தம்," என்று நகராமல் நின்றார்.

முப்பது நாள் கழிந்தும் பாஸ் சுத்தியலைத் தொடவில்லை. பிறகு ஒரு பொழுது சாயும் நேரம் கோயில் பின்புறம் அவரைப் பார்த்தேன். தாய் கூரையிலிருந்து கித்துள் மரத்துக்குத் தாவியிருந்தது. முதல் குட்டியும் போய்விட்டது. இரண்டாவது தகர விளிம்பில் நின்று தயங்கியது. கீழே, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பாஸ்.

மரத்தில் வாழப் பிறந்தது விழாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவர் பக்கத்தில் போய், நானும் கைகளை விரித்து நின்றேன்.