ரெட்லைன் சித்தப்பா வைட்ஃபீல்டுக்குக் கிளம்பின நாள்

பெங்களூரில் இருக்கிற எல்லாரும் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வார்கள். டிராஃபிக்குக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ரெட்லைன் சித்தப்பாதான்.

என் மனைவி மலரின் அப்பாவுக்குத் தம்பி. தங்கவயலில் பிறந்து, பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, ஜீவனஹள்ளியில் தனியாக இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு ஐயாவுக்கு ஒரே வேலை, போனில் மேப்பைத் திறந்துவைத்து எந்த ரோட்டில் சிவப்புக் கோடு ஓடுகிறது என்று பார்ப்பது. தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போனாலும் மேப்பைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அவருடைய சொந்தப் பெயர் குடும்பத்தில் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது.

மூன்று நாள் பெங்களூர் டூர் என்று குடியாத்தத்திலிருந்து போய் அவர் வீட்டில் இறங்கினோம். மகள் நிலாவுக்கு மெட்ரோவில் ஏறணும், மால் பார்க்கணும். மலருக்கு ஒன்றே ஒன்றுதான். வைட்ஃபீல்டில் இருக்கும் அவள் அக்கா அமுதாவைப் பார்க்கணும்.

அக்காவும் தங்கச்சியும் பேசி நாலு வருஷம். நிலாவின் காதுகுத்துக்கு அமுதா ஆசையாக எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையை மலர் என் தங்கச்சிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்த மகராசி அதையே கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்தில் அமுதா முன்னாலேயே போய் நின்றாள். அன்றோடு பேச்சு முடிந்தது. நடுவில் சேதி கொண்டுபோகிற ஒரே ஆள் சித்தப்பா. போன வாரம் அவர்தான் போன் பண்ணினார். "மலரு, வந்த மொத நாள் மத்தியானம் அக்கா வீட்லதான் சாப்பாடாம். நீ கண்டிப்பா வரணும்னு சொல்லிட்டா." மலர் போனை வைத்துவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெங்களூரில் இறங்கின அன்று காலையிலேயே அக்காவுக்குப் பிடித்த அதிரசத்தைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு அவள் தயார். சித்தப்பா வாசலை மறித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"டின் ஃபேக்டரி ஜங்ஷன் கிட்ட மேப்பு ரத்தமா இருக்கு மாப்ள. இப்ப போனா செத்தோம்."

ஒரு மணி நேரம் கழித்து, "ஆரஞ்சு ஆவுது, சும்னே பேசாம இருங்க, எறங்கிடும்" என்றார். இறங்கவில்லை. மறுபடி சிவப்பு.

"மெட்ரோல போலாமே தாத்தா?" என்றாள் நிலா.

"மெட்ரோவுக்குப் போற ரோடே ரெட்டும்மா."

மலர் தூக்கின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "சித்தப்பா, அவ சமைச்சு வெச்சிட்டு உக்காந்திருப்பா. லேட்டா போனா திமிருன்னு நெனைப்பா. இந்தத் தடவை போச்சுன்னா அவ்வளோதான், ஜென்மத்துக்கும் பேச மாட்டா."

அப்போது சித்தப்பாவின் போன் அடித்தது. கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடி கட்.

"யாரு மாமா?" என்றேன்.

"லோன் வேணுமான்னு உயிர வாங்கறானுங்க. கால் வந்தா மேப் மறைஞ்சிடுது."

தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் அவர் நெற்றியில் வேர்வை.

மத்தியானமும் ஆனது. மலர் எழுந்து செருப்பை மாட்டினாள். "யாரும் வர வேணாம். நான் நடந்தே போறேன்." அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் எங்கள் வீட்டில் கிடையாது. கேப் வந்தது. சித்தப்பா வீட்டைப் பூட்டிவிட்டு முன்சீட்டில் ஏறினார்.

டின் ஃபேக்டரி பக்கம் போய் நின்றோம். நின்றோம் என்றால் நின்றோம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு "ஏனு மாடோது சார், என்ன பண்றது" என்று கையை விரித்தார். நிலா, "இதானாப்பா பெங்களூரு?" என்று கேட்டாள்.  

சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டி வைட்ஃபீல்டில் மூன்றாவது மாடி ஏறினால், கதவில் பூட்டு.

"பாத்தீங்களா?" மலர் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "மூஞ்சில அடிக்கிற மாதிரி பூட்டிட்டுப் போயிட்டா. நான் வந்திருக்கவே கூடாது."

சித்தப்பா பேயறைந்த மாதிரி பூட்டையே பார்த்தார். "எங்கயும் போறதா சொல்லலியே..."

மலரின் போன் அடித்தது. திரையில் 'அக்கா'. அவள் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"எங்கடி இருக்க?" எடுத்த எடுப்பிலேயே அமுதா சண்டைக் குரல்.

"உன் வீட்டு வாசல்ல."

"அய்யோ! நான் சித்தப்பா வீட்டு வாசல்ல கேரியரோட உக்காந்திருக்கேன்டி! வர்றீங்களா இல்லியான்னு அந்த மனுஷனுக்குக் காலைலேர்ந்து போன் பண்றேன், கட் பண்ணிட்டே இருக்காரு. மனசு கேக்கல. சமைச்சத எடுத்துக்கிட்டு மெட்ரோல ஓடி வந்துட்டேன்."

"சாப்பாட்டுக்கு வரச் சொல்லிட்டு நீ ஏன் அங்க போன?"

"நான் எங்கடி வரச் சொன்னேன்? என்னைப் பாக்காம ஊருக்குத் திரும்ப மாட்டேன்னு நீதானே அழுதியாம்?"

"நான் எப்ப அழுதேன்?"

 நாங்கள் மூன்று பேரும் மெதுவாகத் திரும்பினோம். சித்தப்பா மேப்பில் முகத்தைப் புதைத்திருந்தார்.

"நீங்களாவும் பேச மாட்டீங்க, சொன்னாலும் கேக்க மாட்டீங்க. நான் இன்னா பண்றது?" என்று முனகினார். "நேர்ல பாத்தா யாரு கூப்ட்டது, யாரு அழுததுன்னு வந்துடுமேன்னு காலைலதான் ஒதறல் எடுத்துச்சு. அதான் ரெட்டு, ரெட்டுன்னு இழுத்துக்கிட்டே இருந்தேன்."

"மலரு, போனை அந்தாளு காதுல வை."

"ஸ்பீக்கர்லதான் இருக்குக்கா. நீ திட்டு."

அக்கா திட்டினாள். தங்கச்சி எடுத்துக் கொடுத்தாள். "எங்கிட்டயும் இதே மாதிரிதான்க்கா", "பாத்தியாடி இவர!" என்று இருவரும் மாறி மாறிப் பிடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே சாத்திக்கொண்டார். நடுவில் எப்போது அழுகை வந்தது, எப்போது சிரிப்பு வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். கொஞ்சம் ஓய்ந்ததும் போன் பக்கம் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்கம்மா. உங்க ரெண்டு பேர் குரலையும் ஒண்ணா கேட்டு எவ்ளோ நாளாச்சு."

 பக்கத்தில் போய் அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன்.