உப்பல் சந்தில் ஓடாத மிஷின்

என் வலது கால் என் பேச்சைக் கேட்காது. நான் உட்கார்ந்த மறுநிமிடம் அது தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும். பரீட்சை ஹாலில் முன்பெஞ்சுக்காரி திரும்பி முறைத்திருக்கிறாள். கோயிலில் பக்கத்து மாமி தொடையில் கிள்ளியிருக்கிறார் (அறிமுகமே இல்லாத மாமி). "காலை ஆட்டாதடி, வீடு விளங்காது" என்று அம்மா சொன்ன கணக்குக்கு எங்கள் செகந்திராபாத் வீடு எப்போதோ திவாலாகியிருக்க வேண்டும்.

இப்பேர்ப்பட்ட என்னைத்தான் ஒரு கம்பெனி அதிர்வு அளக்கும் வேலைக்கு எடுத்தது.

சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் சின்னக் கம்பெனி. பெரிய கருவி வாங்க வசதியில்லாததால் எல்லாம் ஸ்மார்ட்போனில்தான். போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்காக உள்ளே வைத்திருக்கும் சென்சார் தரையின் நடுக்கத்தையும் பிடித்துவிடும். ஒரு ஆப் அதைக் கோடாக வரைந்து, இடத்தையும் நேரத்தையும் சேர்த்து அமீர்பேட்டில் இருந்த ஆபீஸுக்கு அனுப்பும். எங்களுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: போனை வெறும் தரையில் வை, இருபது நிமிடம் பக்கத்தில் யாரும் அசையாமல் பார்த்துக்கொள், அந்த நேரம் மிஷின் ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பார்த்துக் குறி. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம்.

உப்பலில் ஒரு சந்து. கடைசியில் தகடு வெட்டும் பட்டறை. அதனால் வீடெல்லாம் அதிர்கிறது என்று சந்துக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். முதல் வீட்டுக்குள் நுழையும்போதே எங்கிருந்தோ கடகடவென்று சத்தம் கேட்டது. கடைசிவரை நடந்து போய்ப் பார்க்க எனக்குப் பொறுமை ஏது? 'மிஷின் ஓடுகிறது' என்று எல்லா வீட்டுக்கும் சேர்த்து அங்கேயே டிக் அடித்தேன்.

ஐந்து வீட்டில் வாசலில் நடந்தே பொழுதைக் கழித்தேன். கோடு அசையவே இல்லை. ஆறாவது வீட்டம்மா அப்போதுதான் தரை துடைத்திருந்தார். ஈரத்தில் போன் வேண்டாம் என்று மரச்சோபாவின் கைப்பிடியில் வைத்தேன். "கூர்ச்சோம்மா" என்று தெலுங்கில் சொல்லி என்னையும் அதே சோபாவில் உட்கார வைத்து, டீயும் கொடுத்தார். வெளியே நடக்கவும் வழியில்லை. இருபது நிமிடம் எனக்கு இருபது வருடமாகப் போயிற்று.

மறுநாள் எங்கள் மேலாளர் சுதாகர் சார் ஆறாவது வீட்டுக் கோட்டைப் பார்த்துவிட்டுத் துள்ளினார். சீரான, விடாத அதிர்வு. மற்ற வீடுகளில் ஏன் இல்லை? பட்டறைக்கு அடியிலிருக்கும் பாறை அந்த வீட்டுக்கு அடிவரை நேராகப் போகிறது என்று அவரே விளக்கமும் கண்டுபிடித்தார். நடுவில் நாலு நிமிடம் கோடு படுத்திருந்தது. அது பட்டறையின் டீ பிரேக்காம். எவ்வளவு துல்லியமான பதிவு என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் நாணத்துடன் தலை குனிந்தேன். (கால் அப்போதும் ஆடிக்கொண்டிருந்திருக்கும்.)

அறிக்கை மேலே போனால் பட்டறைக்குப் பூட்டு. விஷயம் தெரிந்து அதன் முதலாளி தனபால் ஆபீஸுக்கே வந்துவிட்டார். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். அவருக்கு 'வேண்டாம்' என்றால் 'நக்கோ', 'ஆமாம்' என்றால் 'ஹவ்'.

"நக்கோ சார், இப்ப அனுப்ப நக்கோ. அன்னைக்குப் பட்டறையே பூட்டிக் கிடந்துச்சு. எங்காளு ஒருத்தன் கல்யாணம், எல்லாரும் வரங்கல் போயிட்டோம். இத மூடினா ஆறு பேரு எங்க போவான்?"

சார் என்னைப் பார்த்தார். "மிஷின் ஓடிச்சு சார், நானே பார்த்தேன்" என்றேன். எவ்வளவு கூசாமல் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இருந்தாலும் மறுபடி அளந்துவிடலாம் என்று சார் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பட்டறையை முழுமூச்சாக ஓடவிட்டார்கள். போனைத் தரையில் வைத்தோம். கோடு லேசாகச் சிலிர்த்ததோடு சரி. அன்றைக்குச் சோபாவில் வைத்தேன் என்று மென்று விழுங்கினேன். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு எப்படியோ அப்படியே வை, அப்படியே உட்கார் என்றார்.

உட்கார்ந்தேன். பொய் வெளிவந்தால் வேலை போய்விடும், வராவிட்டால் ஆறு பேர் வேலை போய்விடும். போனில் கோடு குதியாட்டம் போட்டது. வெளியே மிஷினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார்கள். கோடு இன்னும் ஜோராகக் குதித்தது. வீட்டம்மா வழக்கம்போல் டீ நீட்டினார். நான் இரண்டு கையாலும் தம்ளரை வாங்கி, சிந்தாமல் இருக்க உடம்பை இறுக்கினேன். கோடு படுத்துக்கொண்டது.

டீ பிரேக்.

தனபால் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"ஹவ், என் மிஷினுக்கு ஸ்விட்ச் இருக்கும்மா. இதுக்கு எங்க இருக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கிருந்தோ வந்த சத்தத்தை நம்பி, பட்டறைப் பக்கமே போகாமல் டிக் அடித்ததை அங்கேயே சொல்லிவிட்டேன். சார் அறிக்கையைக் கிழித்தார். அவர் என்னை வேலையை விட்டு நீக்கியிருந்தால் தப்பே இல்லை. தனபால்தான் சின்னப் பொண்ணு, விடுங்க சார் என்றார். தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டி, ஏரித் தண்ணீரின் நிறத்தைப் போனில் படம் எடுக்க அனுப்பினார்கள். ஏரிக்கரையில் நாற்காலி கிடையாது.

இப்போது என் மகளுக்கு ஏழு வயது. எதைக் கேட்டாலும் தெலுங்கிலும் இந்தியிலும்தான் பதில் சொல்வாள். ஆனால் நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் சுத்தத் தமிழில் "அம்மா, ஸ்விட்ச் எங்க?" என்பாள். என் கணவர் உடனே குழம்புப் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் கல்யாணத்துக்குத் தனபாலும் வந்திருந்தார். கனமான ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பிரிக்கச் சொன்னார். உள்ளே நான்கு கறுப்பு ரப்பர் கட்டைகள். அதிர்வு தரைக்குப் போகாமலிருக்க அவர் தன் மிஷினுக்கு அடியில் போடுவது. எங்கள் சோபாவின் நான்கு காலுக்கும் அவைதான் இன்றுவரை செருப்பு. கீழ்வீட்டிலிருந்து இதுவரை புகார் எதுவும் வரவில்லை.