அக்காவுக்கு நான் பின்னிய ஸ்வெட்டர்

சட்டையில் பொத்தான் அறுந்தால் இன்றுவரை ஊக்கு குத்திக்கொண்டு போகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு முழு ஸ்வெட்டர் பின்னினேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்வெட்டரைப் பார்த்தவர்களும் நம்பவில்லை.

அப்போது நான் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த என் அக்கா செல்விக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், மாமாவோடு பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு டயாலிசிஸுக்கு வருவாள். மெஷினுக்குள் போய்த் திரும்பும் ரத்தம் உடம்பையே குளிர வைக்கும்; மேலே ஏசி வேறு. இரண்டு போர்வை போர்த்தியும் பல் தந்தியடிக்கும்.

"ஐஸ் பெட்டியில வெச்ச மாதிரி இருக்குடா" என்பாள். அந்தப் பெட்டி எந்த வீட்டுக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மாமா போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிடுவார்.

கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்திருக்கலாம். (புத்தி உள்ளவன் அதைத்தான் செய்வான்.) ஆனால் விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, அறையைக் காலி செய்தபோது மீந்துபோன உல்லன் நூல் உருண்டைகளையும் இரண்டு ஊசிகளையும் விட்டுப் போயிருந்தார். பச்சை, மஞ்சள், காவி, கத்தரிப்பூ நிறம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். என் கையாலேயே பின்னிக் கொடுத்தால் அக்காவுக்கு உடம்பு தேறிவிடும் என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

யூடியூப் பார்த்து ஒன்றரை மாதம் பின்னினேன். சாவி கேட்டு நின்ற இத்தாலிக்காரரிடம், "இருங்க சார், கண்ணி எண்ணிட்டிருக்கேன்" என்று தமிழிலேயே சொன்னேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னாப்பா, மீன் வலையா?" என்று கேட்டார். முடித்துப் பார்த்தால் வலது கையில் என் தொடை நுழையும். நூல் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் பின்னிய இடது கை, புடலங்காய்க்கு உறை தைத்ததுபோல் ஒடுங்கியிருந்தது.

"நீயாடா பின்னுன?" டயாலிசிஸ் கட்டிலில் உட்கார்ந்தபடி அக்கா தடவித் தடவிப் பார்த்தாள். உடனே போட்டே தீருவேன் என்றாள். தலை நுழைவதற்கே மாமாவும் நர்ஸும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் நர்ஸ் கேட்டார்:

"லெஃப்ட் கையிலதானே ஊசி போடணும்? கையை மேல ஏத்துங்க."

ஒன்றரை மாதம் கண்ணி எண்ணியவன், அக்காவுக்கு எந்தக் கையில் ஊசி குத்துகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. ஏற்றவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. அந்தக் கையை இறுக்கவே கூடாதாம். நர்ஸ் என்னைப் பார்க்காமலேயே கத்தரிக்கோலை எடுத்தார்.

வெட்டிய இடத்திலிருந்து நூல் உருவிக்கொண்டு வரத் தொடங்கியது. மெஷின் சக்கரத்தில் சிக்கிவிடக் கூடாதே என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, உன் தம்பி பின்றானா, பிரிக்கிறானா?"

அக்கா சிரித்தாள். கை ஆடியது. மெஷின் கத்தியது.

"சிரிக்காதீங்கக்கா, கை ஆடுது!" என்று நர்ஸ் ஓடிவந்தார். அதற்கும் சிரித்தாள். மூன்று தடவை மெஷின் கத்தியது.

"குளுருதாக்கா?" என்றேன்.

"குளுரா? வேர்க்குதுடா எனக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றைக் கை ஸ்வெட்டரோடுதான் வந்தாள். பஸ்ஸில் உற்றுப் பார்ப்பவர்களிடம், "எங்க தம்பி டிசைன்" என்பாள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. பங்குனியில் போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யார் புதிதாக எதை ஆரம்பித்தாலும் ஒரே கேள்விதான். போன மாதம் நான் பெண் பார்க்கக் கிளம்பியபோதும், அக்கா மகள் காயத்ரி சாப்பாட்டுத் தட்டுகளைப் போட்டபடியே கேட்டாள்:

"மாமா, எந்தக் கைன்னு கேட்டுக்கினியா?"

வீடே சிரித்தது. அவள் அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, பின்பக்கத்துக் குழாயில் முகம் கழுவப் போனார். அவர் திரும்பி வரும்வரை யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.