தேரன்று நான் கழற்றிய ஒயர்

பிள்ளைகளே, திட்டம் போடுகிறவர்களை நம்பாதீர்கள். அந்தத் திட்டத்துக்கு நோட்டு வாங்கி, அட்டை போட்டு, கலர் பேனாவால் கோடு இழுத்தவன் உங்கள் அப்பாவாக இருந்தால் நம்பவே நம்பாதீர்கள்.

சிதம்பரத்தில் கேபிள் டிவி நடத்திவந்த நான், கடலூர் வரைக்கும் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க ஆரம்பித்த புதிது. உங்கள் மாமா செல்வம் சும்மா இருக்கவில்லை.

"மாமா, வெறும் கனெக்‌ஷன் குடுத்தா எவன் மதிப்பான்? நம்ம கம்பெனி பேர்லயே மெயில் குடுப்போம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. (பத்தாங்கிளாஸ் படித்தவன் கம்பெனி பெயரில் மெயில்!)

இரண்டு மாதம் திட்டமிட்டோம். ஆளுக்கு எவ்வளவு இடம், குப்பை மெயிலை எப்படி வடிகட்டுவது, எல்லாம் நோட்டில் ஏறியது. டிஸ்க் ஒன்று போனால் இன்னொன்று. யுபிஎஸ் ஒன்று போனால் இன்னொன்று. ஃபேனுக்குக்கூட இன்னொன்று! தெற்கு வீதி மாடியறையில் மெயில் கம்ப்யூட்டரை வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டோம். அது வெளியுலகத்தோடு பேச, எதிர்ச்சாரியிலிருந்து வீதியைத் தாண்டி ஒரே ஒரு ஒயர் வந்தது. அதற்கு மட்டும் இன்னொன்று இல்லை.

அப்போது உங்கள் அம்மா கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். பி.எட். முடித்து ஆறு வருஷமாகக் காத்திருந்த வேலை. மனுவில் இலவச மெயில் முகவரியைத்தான் எழுதப் போனாள். நான் விடவில்லை.

"சொந்தமா கடைய வெச்சிக்கினு அடுத்த கடையில டீ குடிப்பியா?"

ஆனித் தேர் வந்தது. தேரோட்டம் என்றால், வீதியின் குறுக்கே போகும் ஒயரையெல்லாம் காலையிலேயே கழற்றி, தேர் போனபின் கட்டுவோம். வருஷா வருஷம் நான் செய்கிற வேலைதான். டிவி நின்றதே என்று ஒருவரும் திட்டமாட்டார்கள். ஊரே தேர் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றும் ஏணி போட்டேன். என் கையாலேயே கழற்றினேன். பக்தியோடு வேறு கழற்றினேன்!

பத்து மணிக்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உங்கள் அம்மா வந்தாள்.

"என்னாங்க, மெயிலு தொறக்கவே மாட்டேங்குது."

"ஒயரக் கழட்டியிருக்கேன்ல? ஊரே இங்க நிக்குது, எவன் இன்னிக்கு மெயில் போடுவான்?"

"கடலூர்ல இருக்கறவங்களுக்கு இன்னா தேரு?"

"சாமி வர்ற நேரத்துல பேசாத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மாலை ஆறரைக்கு ஒயரைக் கட்டினோம். அதுவரை வெளியே நின்றிருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அதில் ஒன்று, காலை எட்டேகாலுக்கு அனுப்பியது: "இன்று பிற்பகல் மூன்று மணிக்குள் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்."

(ஒரு போன் போட்டால் விரல் தேய்ந்துவிடுமா? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.)

மறுநாள் செல்வத்தையும் சேர்த்து மூன்று பேரும் பஸ் ஏறிக் கடலூர் போனோம். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். தேருக்காக ஒயரைக் கழற்றியதை அம்மா சொல்ல, ஆபீஸ் மேடம் சிரித்தார்.

"நெறைய சாக்கு கேட்டிருக்கேம்மா. சாமி மேல பழி போட்டது நீங்கதான் மொத ஆளு."

"சாமி இல்ல மேடம், நான்தான் கழட்டுனேன்!" என்று கத்தினேன்.

"நீங்க யாரு?"

"மெயில் கம்பெனி ஓனர்."

மேடம் உங்கள் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் செல்வம் சொன்னான்: "பிளான்ல ஒரு தப்பும் இல்ல மாமா. தேருதான் பிளான்ல இல்ல." பாவி! நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடுகிற தேர் அது!

ஊர் வந்ததும் உங்கள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாடியறைக்கு ஏறி என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கெடுத்தது நீங்க. வேலையும் நீங்கதான் குடுக்கணும்."

அவளுடைய முதல் உத்தரவு, பின்பக்கச் சந்து வழியாக இரண்டாவது ஒயர். அன்று உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லை. நான்தான் ஸ்டூலுக்கு மாறிவிட்டேன்.

உறவுக்காரர்களுக்கோ நான் என்ன திட்டம் சொன்னாலும் ஒரே கேள்விதான். போன வாரம் கொடைக்கானல் போகலாம் என்று வாயைத் திறந்தேன். சின்னவளே, நீ கேட்டாயே, "அன்னிக்குத் தேர் இருக்காப்பா?" என்று! விழுந்த பல்லே உனக்கு இன்னும் முளைக்கவில்லை!