ரத்தான விதியும் ரத்தாகாத கயிறும்

கயிற்றுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவரும் உங்களைப் பார்த்து, "வரிசையில வாங்க" என்று சொல்லியிருப்பார். அந்த வரிசையில் உங்களைத் தவிர வேறு ஆளே இருந்திருக்காது. ஏதோ ஓர் ஆபத்துக் காலத்தில் யாரோ அவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, "கொஞ்ச நாளைக்குப் பிடிச்சுக்குங்க" என்றிருப்பார்கள். ஆபத்து போய்விடும். கயிற்றைக் கொடுத்தவரும் போய்விடுவார். கயிறு மட்டும் போகாது.

எனக்குத் தெரிந்த கயிற்றுக்காரர் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் தெருமுனைத் தடுப்பூசி மையத்தின் மேற்பார்வையாளர். தங்கமான மனிதர். லஞ்சம் வாங்கத் தெரியாது, சிபாரிசு எடுபடாது. அதனால்தான் அவரைச் சமாளிப்பது இத்தனை கஷ்டம். தொற்றுநோய் வருவதற்கு முன்பு அவர் சுகாதார அலுவலகத்தில் நாற்காலிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் பொறுப்பு. அவர் லீவு போட்டாலும் யாருக்கும் தெரியாது, திரும்பி வந்தாலும் தெரியாது. பிறகு நோய் வந்தது. சட்டமன்றத்தைக் கூட்டிப் பேச நேரமில்லை என்று அரசாங்கம் ஒரே இரவில் அவசர விதிகளை எழுதி அனுப்பியது. யாருக்கு முதலில் ஊசி, யாருக்குப் பிறகு. கிழக்குப் பகுதிக்கு ஒரு நாள், மேற்குப் பகுதிக்கு ஒரு நாள். பத்துப் பேர் சேராமல் மருந்துக் குப்பியைத் திறக்கக் கூடாது. ஊசிச் சீட்டு இல்லாமல் யாரும் ஆஸ்பத்திரிக்குள் நுழையக் கூடாது. இதையெல்லாம் நடத்திவைக்க ஓர் ஆள் வேண்டுமே? நீல நைலான் கயிறும் ஒரு விசிலும் அவரைத் தேடி வந்தன.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் நாங்கள் ஒருவரையொருவர் மிதித்தே செத்திருப்போம். மருந்து கொஞ்சம், கை நீட்டியவர்கள் ஏராளம். காரில் வந்து இறங்கிய நகைக்கடை முதலாளியை, "உங்க வயசுக்கு அடுத்த மாசம்" என்று திருப்பி அனுப்பிவிட்டு, மூட்டை தூக்குகிறவரின் மூச்சு வாங்கும் அம்மாவை நாற்காலியோடு உள்ளே தூக்கி வரச் சொன்னவர் அவர். நான் கைதட்டினேன். இப்போதும் தட்டுவேன்.

நோய் தணிந்தது. மருந்து குவிந்தது. சட்டமன்றம் கூடியது. எங்களைக் கேட்காமல் எழுதிய விதிகள் இன்னும் எத்தனை காலத்துக்கு எங்களை ஆளும் என்று ஓர் உறுப்பினர் கேட்க, மேசைகள் தட்டப்பட, சிலர் வெளிநடப்புச் செய்ய, வெளியே வெயில் அதிகம் என்று திரும்பி வர, கடைசியில் அவசர விதிகள் அனைத்தும் ரத்து என்று சட்டம் நிறைவேறியது. எழுத ஓர் இரவு. அழிக்க இரண்டு கூட்டத்தொடர். இனி யாரும் எந்த நாளும் எந்த மையத்திலும் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் காலை கயிறு கட்டிய இடத்திலேயே இருந்தது.

"சார், எல்லாம் ரத்தாயிடுச்சாமே," என்றார் நர்ஸ்.

"எழுத்துல வரட்டும்."

எழுத்தில் வந்தது.

"பொதுவா எழுதியிருக்காங்க. நம்ம மையத்துக்குன்னு வரணும்ல?"

மையத்துக்கென்றே தனியாகவும் வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார்.

"விதியைத்தான் ரத்து பண்ணியிருக்காங்க. கயிறுன்னு விதியிலயே எதுவும் இல்லையே. இல்லாததை எப்படி ரத்து பண்ண முடியும்?"

நீங்கள் சிரிக்கலாம். நர்ஸ் சிரிக்கவில்லை; அவர் அங்கே வேலை பார்க்க வேண்டியவர். இந்த இனத்தார் வாயில் ஓயாமல் புரளும் வாக்கியம் ஒன்று உண்டு: "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" யாரும் தன்னைக் கேள்வியே கேட்கப்போவதில்லை என்பதுதான் மேற்பார்வையாளருடைய உண்மையான கவலை.

இப்படியிருக்க, கிழக்குப் பகுதிக்கான ஒரு நாளில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவியே வந்து நின்றார். கையில் பயணப் பை.

"பொண்ணுக்கு வலி எடுத்திடுச்சாம். மாப்பிள்ளை போன் பண்ணாரு. ஊசிச் சீட்டு இல்லாம ஆஸ்பத்திரிக்குள்ள விட மாட்டாங்களாம். சீக்கிரம் போட்டு விடுங்க, நான் கிளம்பணும்."

"அந்த விதியும்தானேம்மா போயிடுச்சு?" என்றார் நர்ஸ்.

"அங்கயும் இவரை மாதிரி ஒருத்தர் உக்காந்திருக்காராம்."

மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார். "நம்ம வீடு மேற்கு. இன்னிக்குக் கிழக்கு."

"மேற்கு நாள்லயும்தான் வந்து வந்து உக்காந்தேன். பத்துப் பேர் சேரலைன்னு நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க?"

"சட்டம் சொந்தம் பார்க்காது. உன்னை விட்டா நாளைக்கு ஊரே கேக்கும்."

"ஊரே கேக்கலாம்னுதானே சட்டமன்றத்துல சொல்லியிருக்காங்க."

"சட்டமன்றம் ரத்து பண்ணியிருக்கு. நான் இன்னும் பண்ணலை."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லாத சட்டத்து மேல வச்சிருக்கிற விசுவாசத்தை, இருக்கிற பொண்டாட்டி மேல கொஞ்சம் வச்சிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு, நாலு தெரு தள்ளி, கயிறே இல்லாத இன்னொரு மையத்தில் ஊசி போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துப் போய், பேத்தி பிறந்த நேரத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

செய்தி வந்ததும் மேற்பார்வையாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் மையத்தை மூடும் நேரம் வரை இருந்து, கயிற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். என் ஸ்கூட்டரில்தான் போனோம். வழியில் குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கினார். நிறம் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது எனக்கே அவரைப் பிடித்துப்போனது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒருவர். முன்னால் நீல நைலான் கயிறு.

"ஊசிச் சீட்டு?"

என்னிடம் இருந்தது. அவரிடம் இல்லை. ஊருக்கெல்லாம் ஊசி போடவைத்தவர், தன் முறை வந்தபோதெல்லாம், "கடைசி ஆள் போட்டுக்கட்டும், அப்புறம் நான்" என்று பெருமையாகத் தள்ளிவைத்திருந்தார். கடைசி ஆள் இன்னும் வரவில்லை.

"அந்த விதிதான் ரத்தாயிடுச்சே," என்றார் மேற்பார்வையாளர். அதை அவர் தன் பக்கத்து நியாயமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எழுத்துல வரட்டும் சார்," என்றார் வாசல்காரர், அன்பாகவே.

"வந்திருக்கு. நானே படிச்சேன்."

"நம்ம ஆஸ்பத்திரிக்குன்னு வரணும்ல?"

அடுத்து என்ன சொல்லப்படும் என்று அவருக்குத் தெரியும். குல்லாவை என்னிடம் கொடுத்தார். நான் உள்ளே போனேன். மாப்பிள்ளை குழந்தையை மாடி ஜன்னலில் தூக்கிக் காட்டினார். கீழேயிருந்து ஒரு வெள்ளைத் துணிச் சுருள்தான் தெரிந்திருக்கும். அதற்கு அவர் வெகுநேரம் கையாட்டிக்கொண்டிருந்தார். மூக்கு அப்படியே உங்கள் மூக்கு என்று திரும்பி வந்து சொன்னேன். அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கயிற்றை அவிழ்த்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்றைக்கு மேற்குப் பகுதியின் நாள். நான் எட்டிப் பார்த்தபோது, கயிறு கட்டியபடி இருக்க, அதற்கு வெளியே, ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்களுக்கான நாற்காலியில் அவரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குப்பியைத் திறக்க இன்னும் ஒன்பது பேர் சேர வேண்டுமாம்.

நீங்கள் அந்த இனமில்லை. தெரியும். ஆனால் நோய்க்காலத்தில், "உள்ளே வரும் முன் அனுமதி கேட்கவும்" என்று உங்கள் வீட்டுக் கதவில் ஒட்டினீர்களே ஒரு தாள், இப்போது மைத்துனரை மட்டும் வாசலில் நிறுத்திவைக்கப் பயன்படுகிறதே, அதைக் கிழித்துவிட்டீர்களா? "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்கிறீர்களா?

அப்படியானால் வாருங்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. இனி எட்டுப் பேர் சேர்ந்தால் போதும்.