மார்லிஸின் முதுகுவலி

ஜூரி வேலைக்கு வரச்சொல்லி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்த அன்று, வெண்டல் ஹாகன் வாழ்க்கையில் முதல் முறையாக அரசாங்கத்துக்கு மனதார நன்றி சொன்னார்.

ஊரில் மற்றவர்கள் அந்த உறையைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். சொந்த வேலையை விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல நாள் கணக்கில் உட்கார யாருக்குப் பிடிக்கும்? வெண்டலுக்கு அப்படியில்லை. அவருடைய பிரச்சினை சமையலறைச் சுவர். அதில் ஒட்டியிருந்த பூப்போட்ட தாளை உரித்துவிட்டுப் பெயிண்ட் அடிப்பதென்று அவர் மனைவி மார்லிஸ் முடிவு கட்டியிருந்தாள். அந்தத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள். அதற்கும் அடியில் வீட்டைக் கட்டியவன் ஒட்டிய தாள். அது சுவரோடு சுவராகவே ஆகிப்போயிருந்தது. நீராவி காட்டிக் காட்டி, நகக்கண் போகச் சுரண்ட வேண்டும். அதற்கு மார்லிஸ் குறித்த வாரம் எது தெரியுமா? ஏரி நன்றாக உறைந்து, நண்பர் டுவேன் தன் மீன்பிடிக் குடிலை லாரியில் கட்டி இழுத்துப்போய் நடு ஏரியில் நிறுத்தி, பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே அடுப்பும் மூட்டி, வெண்டலுக்கென்று ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருந்த அதே வாரம். சனிக்கிழமை ஏரியில் மீன்பிடிப் போட்டி வேறு.

ஜூரியில் உட்கார்ந்தால் சுவரிலிருந்து தப்பலாம், ஆனால் ஏரி கிடைக்காது. ஜூரியிலிருந்து தப்பினால் நேரே வீடு, சுவர், நீராவி. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருப்பதை வெண்டல் கண்டுபிடித்தார். ஜூரியில் உட்காரவும் கூடாது. உட்காரவில்லை என்று வீட்டில் சொல்லவும் கூடாது. இந்த மூளை இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. வெண்டல் இதுவரை சொன்ன பொய்கள் எல்லாம் மார்லிஸின் இரண்டாவது கேள்வியில் செத்துப்போனவை. வழக்கைப் பற்றி ஜூரிகள் வீட்டில் வாயே திறக்கக் கூடாது என்பதோ சட்டம். இரண்டாவது கேள்வியை நீதிபதியே தடுத்துவிடுகிறார். ஒரு கணவனுக்கு இதற்குமேல் நாடு என்ன செய்ய முடியும்?

திங்கட்கிழமை காலை டை கட்டிக்கொண்டு கிளம்பினார். நீதிமன்றத்தில் எல்லோரையும் கையை உயர்த்தச் சொல்லிச் சத்தியம் வாங்கினார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஓஸ்ட்பி என்ற நீதிபதி, ஜூரியில் இருக்க முடியாதபடி யாருக்காவது கஷ்டம் உண்டா என்று கேட்டார். யாருக்குத்தான் இல்லை? பசு கன்று போடப்போகிறது என்றான் ஒருவன். மகன் பார்த்துக்கொள்வான், உட்கார் என்றார் நீதிபதி. இடுப்பு வலி, வெகுநேரம் உட்கார முடியாது என்றார் ஒரு கிழவர். ஒரு மெத்தை கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. வெண்டலுக்கு வியர்த்தது. அவர் தயார் செய்து கொண்டுபோயிருந்ததும் இடுப்பு வலிதான்.

அவர் முறை வந்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என் மனைவி படுத்த படுக்கையா இருக்கா, ஐயா. முதுகு. எழுந்திரிக்கவே முடியாது."

"வீட்ல வேற யாரும் இல்லையா?"

"நான் ஒருத்தன்தான். சமையல், துவையல், வீடு பெருக்குறது எல்லாமே நான்தான். சாப்பாட்டையும் ஊட்டித்தான் விடணும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூடத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்த பார்வை அவரை உசுப்பிவிட்டது. தலை வாரிவிடுவதைச் சொன்னார். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதைச் சொன்னார். ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். சொல்லச் சொல்ல வெண்டலுக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போய் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். கால் மணி நேரத்தில் டை அவருடைய லாரி இருக்கைக்கு அடியில் கிடந்தது, வெண்டல் ஏரியில் இருந்தார்.

மாலை வீடு திரும்பியபோது மார்லிஸ் இல்லை. கொஞ்சம் கழித்துத்தான் வந்தாள், சர்ச்சுக்குப் போடும் காலணியோடு. சாமான் கடைக்கு நீராவி மெஷின் வாடகைக்கு எடுக்கப் போனவளுக்கு அந்தக் காலணி எதற்கு என்று கேட்கும் நிலையில் வெண்டல் இல்லை. சுடச்சுட ஒரு பொய்யை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்னைப் பிடிச்சுப் போட்டுட்டாங்க, மார்லிஸ்."

"எதுல?"

"ஜூரியில. இந்த வாரம் முழுக்க. சனிக்கிழமைகூட இருக்கும்போல."

மார்லிஸ் கோட்டைக் கழற்றியபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னையா?"

"ஏன், நான் இருக்கக் கூடாதா?"

"தாராளமா இரு. என்ன கேஸு?"

"அதைச் சொல்லக் கூடாது. பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு நீதிபதி உத்தரவு."

"ஆமா, அது சரிதான். அப்ப நான் கேக்கல."

சொன்னபடியே கேட்கவில்லை. மார்லிஸ் ஒரு விஷயத்தைக் கேட்காமல் விடுவதென்றால், வேறு எந்தக் கணவனும் ஆபத்தை மோப்பம் பிடித்து அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பான். வெண்டல் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் இந்தத் திட்டத்தில் அவர் எதிர்பார்க்காத ஒரு கஷ்டம் இருந்தது. தினமும் ஏரியில் மீன் அகப்பட்டது, ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. செவ்வாய்க்கிழமை முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். அவர் ஆயுளில் பிடித்ததிலேயே பெரியது அதுதான். அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவன் டுவேன், சாப்பிட்டவனும் டுவேன். ஊரெல்லாம் தானே பிடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் டுவேன். வெண்டலுக்கு அழுகையே வந்துவிட்டது. பெருமையடித்துக்கொள்ள முடியாத மீன் இருந்தென்ன, இல்லாமல் போயென்ன?

அந்த ஆற்றாமையில்தான், புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், மீனுக்குப் பதிலாக நீதிமன்றத்தை வைத்துப் பெருமையடிக்க ஆரம்பித்தார். சமையலறைச் சுவர் அப்படியே இருந்தது, ஒரு இணுக்குத் தாள்கூட உரியவில்லை. பகலெல்லாம் என்னதான் செய்கிறாய் என்று அதட்டலாகக்கூடக் கேட்டுப் பார்த்தார். வேறு வேலை வந்துவிட்டது என்றாள் மார்லிஸ்.

"வேலைன்னா என்னன்னு என்னைக் கேளு. பன்னெண்டு பேருல பதினோரு பேருக்கு ஒண்ணும் விளங்கல. எல்லாத்தையும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு. ஜூரித் தலைவரா என்னைத்தான் போடுவாங்க."

"பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க. முன்வரிசையில ஒருத்தி எந்நேரமும் தூங்கி வழியுறா."

"தூங்குறாளா?"

"குறட்டை வேற."

உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த மார்லிஸின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கொஞ்சம் ஓங்கியே மசித்தது.

"பாவம், அவளுக்கு முதுகுவலியோ என்னவோ," என்றாள்.

வெண்டலுக்குப் புரையேறியது. தற்செயலாகச் சொல்லியிருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது மார்லிஸ் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தாள். நல்ல உடை, நல்ல காலணி, மடியில் கைப்பை. மறுநாள் போட்டிக்கு வேண்டிய தூண்டில்களை டுவேனிடம் கொடுத்து வைத்துவிட்டு வந்திருந்த வெண்டல், களைத்த குரலை வரவழைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"எங்க முடியுது? நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

"நீதிபதிதான்."

"ஆச்சரியமா இருக்கே. மத்தியானமே எங்களுக்கெல்லாம் நன்றி சொல்லி அனுப்பிட்டாரே."

"எங்களுக்குன்னா?"

"குற்றவாளி இல்லன்னு எழுந்து நின்னு சொன்னதே நான்தான், வெண்டல். தலைவரா என்னைப் போட்டுட்டாங்க. முன்வரிசைன்னு நீ சொன்னியே, அதுவும் சரிதான். குறட்டையை மட்டும் நீயா சேர்த்துக்கிட்ட."

வெண்டல் அப்படியே உட்கார்ந்தார். நல்லவேளை, கீழே நாற்காலி இருந்தது.

நடந்ததை மார்லிஸ் பொறுமையாகச் சொன்னாள். திங்கட்கிழமை வெண்டலை அனுப்பிவைத்த பிறகு ஆள் குறைந்துபோயிற்று. வழக்கை ஒத்திப்போட நீதிபதிக்கு மனமில்லை. கடைத்தெருவில் அகப்படுகிறவர்களை அழைத்துவரும்படி காவல் அதிகாரி ஷெரிஃபின் ஆளை அனுப்பினார். அந்த ஊரில் எப்போதாவது நடக்கிற காரியம்தான். சாமான் கடை வாசலில் நீராவி மெஷினைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு நின்றவள் மார்லிஸ். வீட்டுக்குப் போய்க் காலணி மாற்றிக்கொள்ள மட்டும் அவகாசம் கொடுத்தான் அவன். ஜூரிக் கூண்டில் ஏறிப் பெயரைச் சொன்னதும் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

"'நீங்கதான் அந்த முதுகுவலி அம்மாவா'ன்னு கேட்டார். அங்க இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க."

வெண்டலுக்குத் திங்கட்கிழமை கையை உயர்த்தியது நினைவுக்கு வந்தது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் சிறை என்று முதல் நாளே வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

"நீ... நீ என்ன சொன்ன?"

"நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். 'இன்னைக்கு நல்லாத்தான் இருக்கேன், ஐயா'ன்னேன். அது உண்மைதானே? வேணும்னா வீட்டுக்குப் போலாம்னார். 'வீட்ல எப்பவும் படுத்தே கிடக்கேனாம், இங்க கொஞ்ச நாள் உட்கார்ந்துட்டுப் போறேனே'ன்னேன். சிரிச்சிட்டு அந்த இடுப்புவலிக்காரர்கிட்ட இருந்த மெத்தையை வாங்கி எனக்குக் குடுத்தார்."

வெண்டலின் கண்ணில் நீர் தளும்பியது. காட்டிக்கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. இப்படிப்பட்டவளையா ஏமாற்றினோம் என்று அவர் மனம் உருகியது.

"நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன், மார்லிஸ்?"

"உள்ள இருந்திருப்ப. இன்னும் முழுசாத் தப்பிச்சிடல, அவசரப்படாத."

உருகிய மனம் அங்கேயே உறைந்தது. வெண்டலைப் போல ஒரு கணவனைத் தான் பார்த்ததே இல்லை என்று நீதிபதி எல்லோர் முன்னிலும் புகழ்ந்திருக்கிறார். ஜூரியில் இருந்த பெண்கள் அதைக் கேட்டு உருகிப்போய், ஆளுக்கொரு நாளாக வந்து நோயாளியைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நீதிபதியும் அவர் மனைவியும் வருகிறார்கள், வெண்டலின் கையைக் குலுக்க. வெண்டல் சமைப்பதைச் சாப்பிட.

"அவங்க வர்ற நேரத்துல நான் ஓடியாடிக்கிட்டு இருந்தா, நீ சத்தியம் பண்ணினது பொய்யாயிடும்," என்றாள் மார்லிஸ்.

"அப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றதா? அது பொய்யாகாம பாத்துக்க வேண்டியதுதான்."

"எத்தனை நாளைக்கு?"

"முதுகாச்சே. சட்டுனு சொல்ல முடியுமா?"

"நாளைக்கு ஏரியில..." என்று ஆரம்பித்த வெண்டல், அவள் புருவம் உயர்வதைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

மார்லிஸ் படுக்கையறைக்குப் போனாள். காலணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுவது கேட்டது. தலையணைகளைத் தட்டிச் சரிசெய்வது கேட்டது. கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு நலிந்த குரலில் ஒரு அழைப்பு வந்தது. முதலில் காப்பி வேண்டுமாம். இரவுக்கு லேசாக ஏதாவது போதுமாம். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருவதற்குள் சமையலறை பார்க்கும்படியாக இருக்க வேண்டுமாம். நீராவி மெஷின் இன்னும் கார் டிக்கியில்தான் இருக்கிறதாம்.

வெண்டல் கார் சாவியை எடுத்தார். வாசற்கதவைத் திறக்கும்போது உள்ளிருந்து குரல் மறுபடி வந்தது.

"சத்தம் வராம உரி, வெண்டல். படுத்த படுக்கையா இருக்கிறவ தூங்க வேண்டாமா?"