தடியனுக்கு ஏப்பம் வந்த விவரம்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மருமகளுக்கு, உன் மாமனார் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுதும் கடிதம்.

இங்கே நான், தடியன், பூனை மகாராணி, கூண்டில் இருக்கும் கிளிச் சம்பந்திகள் இருவர், தோட்டத்துக்கு வந்துபோகும் மைனா, குருவி, காக்கை உள்ளிட்ட சகலரும் நலம். அங்கே நீயும் என் மகனும் பயிற்சி வகுப்பில் தூங்கி விழாமல் நலமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் "அம்மா, அன்னைக்குக் காலையில..." என்று வாயைத் திறந்தாலே நீ "அவன் சாப்பிட்டானா மாமா, சாப்பிட்டானா?" என்கிறாய், "சாப்பிட்டான்" என்றால் "அப்பாடா" என்று வைத்துவிடுகிறாய். எப்படிச் சாப்பிட்டான் என்று கேட்க ஆளில்லை. நாளை மறுநாள் நீ வந்து இறங்குவதற்குள் அது உனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் தையல்காரம்மாவின் அளவு நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்து எழுதச் சொல்கிறேன். முடிந்ததும் போட்டோ பிடித்து அனுப்புவார். ஓரத்தில் எங்கேயாவது "இடுப்பு முப்பத்தாறு" என்று இருந்தால் அது நானில்லை.

நீ கிளம்பின அன்று தடியன் சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. பதினோரு வயசு நாய், உன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உன் காலைச் சுற்றியவன். நாய் டாக்டர், "உடம்புல ஒண்ணுமில்ல, நீங்க பெட்டி கட்டுறதைப் பார்த்த ஏக்கம்தான், ஆனா இந்த வயசுல பட்டினி ரொம்ப நாள் தாங்காது" என்று சொல்லிவிட்டார். நீ வாசல்வரை போய் மூன்று தடவை திரும்பி வந்தாய். "அவன் சாப்பிடலைன்னா பாதியிலேயே வந்துடுவேன் மாமா, வேலை போனாலும் போகட்டும்" என்றாய். "போம்மா, நானாச்சு அவனாச்சு" என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். நீ எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டின தாள் எனக்குச் சுவரும் ஒன்று, அதுவும் ஒன்று. "ஒரு தரம் படிச்சுக் காட்டிடும்மா, போதும்" என்றேன். பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருஷம் எனக்கு அப்படித்தான் ஓடியது. காலையில் குமாஸ்தா இருபது பஸ்ஸின் கோளாறு அட்டைகளையும் ஒரு தரம் படிப்பார், சாயங்காலம் வரை நான் மறுபடி கேட்டதில்லை. எந்த வண்டிக்கு எந்தச் சக்கரத்தில் எத்தனையாவது நட்டு ஆடியது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். (கேட்க வேண்டாம், தாள் போதாது என்கிறார் தையல்காரம்மா.) நீயும் முடியை விரித்துப் போட்டபடி, துணி அடுக்கிக்கொண்டே, அறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே மூச்சுவிடாமல் படித்தாய். நடுநடுவே "கொடுங்க மாமா, வைங்க மாமா" என்பது "கொடு, வை" என்று ஆகிவிட்டது. அவசரத்தில் மருமகளுக்கு மரியாதை நழுவினால் அதைப் பெரிசுபண்ணுகிற மாமனார் நானில்லை. அதுவும் அந்த இடங்களில் நீ குரலைத் தாழ்த்திக் கொஞ்சலாகச் சொன்னாய், அப்படியானால் அதுதான் முக்கியமான விதி என்று அவற்றை மட்டும் மனசில் இரண்டு சுற்று கூடுதலாக முறுக்கி வைத்துக்கொண்டேன். மொத்தம் இருபத்தாறு விதி.

பறவைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், அவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. தோட்டத்துத் தண்ணீர்த் தட்டில் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, நார் போட்டுத் தேய்த்து, இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் ஊற்றாமல், குருவி நின்று குடிக்க நடுவில் ஒரு கல்லும் வைத்து, பூனை பதுங்காதபடி செடிகளை விட்டுத் தள்ளியே வைத்திருக்கிறேன். ரொட்டி போடவில்லை. ரொட்டி வயிற்றை அடைக்குமே தவிர சத்தில்லை என்று நீ சொன்னதை மைனாக்களுக்கும் எடுத்துச் சொல்லிவிட்டேன். தினையும் உடைத்த சோளமும்தான். காக்கை ஒன்று மட்டும் என் பிஸ்கட்டைப் பார்த்து பால்ய சிநேகிதன் மாதிரி பேசியது. கொடுக்கவில்லை. பாதிதான் கொடுத்தேன். கூண்டுச் சம்பந்திகளுக்கு அடுப்புப் புகை எட்டாத மூலை, கொத்திக்கொள்ளக் கணவாய் மீன் ஓடு, பொழுது சாய்ந்ததும் மேலே துணி. துணியைப் போட்டதும் யார் வீட்டு ஆளுக்குத் திமிர் ஜாஸ்தி என்று கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடுகிறார்கள். மகாராணிக்குத் தண்ணீர்க் கிண்ணம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஏழடி தள்ளி. அவளுடைய மண் தட்டை நாளைக்கு இரண்டு தரம் அள்ளுகிறேன். அள்ளும்போது பின்னாலேயே உட்கார்ந்து பார்க்கிறாள் அம்மா. முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த மேற்பார்வையாளரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

தடியன் கதைக்கு வருகிறேன். "மூணு மணி நேரத்துக்கொரு தரம், தூங்கினாலும் எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமா கொடு" என்று நீ சொன்னாய். எழுப்பினேன். "உனக்கு வேற வேலையில்லையா" என்று பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான். "கொடுத்ததும் தோள்ல போட்டு முதுகைத் தட்டு, ஏப்பம் வர்ற வரைக்கும் கீழே விடாதே" என்றாய். அம்மா, அவன் முப்பத்தொரு கிலோ. கியர்பாக்ஸ் தூக்கின தோள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கியர்பாக்ஸ் மூஞ்சியை நக்காது. "தலை நிக்கிற வரைக்கும் கழுத்துக்கு அடியில கை கொடுத்தே தூக்கு" என்று வேறு சொல்லியிருந்தாய். அவன் தலை எனக்குத் தெரிந்து பத்து வருஷமாக நன்றாகத்தான் நிற்கிறது. இருந்தாலும் விதி விதிதானே, ஒரு கை கழுத்தில், ஒரு கை வயிற்றில், பின்னங்கால் இரண்டும் தரையில் இழுபட, நான் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு முன்பாதியை மட்டும் தோளுக்கு ஏற்றிவிட்டேன். கஞ்சித் தண்ணி இரண்டு நக்கு நக்கியவனுக்கு எங்கிருந்து ஏப்பம் வரும்? அரை மணி தட்டியதில் ஏப்பம் எனக்கு வந்தது. "அழுதா தூக்கிக்கிட்டு ஹால்ல நட, பாட்டுப் பாடு" என்றாயே, அதற்கும் குறைவைக்கவில்லை. தாலாட்டு எனக்கு ஏது? தெரிந்ததைப் பாடினேன். "கிளட்ச்சுத் தட்டு ஆராரோ, ரேடியேட்டரு ஆரிரரோ." எதிர்வீட்டிலிருந்து தையல்காரம்மா ஊசியோடு ஓடிவந்து "யாருக்கு என்ன ஆச்சு பெரியவரே?" என்றார். முதல் இரண்டு நாள் போனில் நான் "சாப்பிட்டான்" என்றது பொய். உன்னைப் பாதியில் வரவழைத்தேன் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்று சொன்ன பொய். மன்னித்துக்கொள்.

மூன்றாம் நாள் காலையில்தான் எல்லாம் நடந்தது. "காலை வெயில்ல பத்து நிமிஷம் காட்டு, மேலே கொசுவலை போட்டுடு" என்ற விதிப்படி அவனைத் தோட்டத்தில் படுக்கவைத்தேன். வீட்டில் கொசுவலை அகப்படவில்லை. தையல்காரம்மா யாரோ ஒரு பெண்ணின் கல்யாணக் கவுனுக்கு வைத்திருந்த வெள்ளை வலைத்துணி நாலு மீட்டரைக் கொடுத்து, "கறை படாம திருப்பிக் கொடுங்க" என்றார். போர்த்தினேன். ஊர்வலத்துக்குத் தயாரான மாதிரி கிடந்தான். அந்த நேரம் பார்த்துப் பார்சல்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டு நாளாக எழுந்திருக்காதவன் அவரைக் கண்டதும் எழுந்துபோய் நெஞ்சில் காலை வைக்க, அவரும் "என்னடா கண்ணா, இளைச்சுட்டே?" என்று குனிந்து மூஞ்சியை மூஞ்சிகிட்டே கொண்டுபோக, எனக்கு உன் விதி சுரீரென்றது. "யாரையும் கன்னத்துல முத்தம் கொடுக்க விடாதே" என்று நீ இரண்டு தரம் சொன்ன விதி. "யோவ்! கன்னத்தைத் தொடாதே!" என்று டிப்போ குரலில் ஒரு கத்து கத்தினேன். அவர் பயந்து பார்சலை வீச, அது பறவைத் தட்டில் போய் விழ, மைனா கூட்டம் பட்டாளமாகக் கிளம்ப, நான் திறந்தே வைத்திருந்த கதவு வழியாக மகாராணி பாய்ந்து மரத்தில் ஏற, தடியன் வலைத்துணியோடு கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டான். அவன் பின்னால் தையல்காரம்மா "ஐயோ என் நாலு மீட்டர்!" என்று ஓட, அவர் பின்னால் நான், கையில் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு, ஏனென்றால் மூன்று மணிக் கணக்கு அப்போது சரியாக முடிந்திருந்தது, என் பின்னால் பார்சல்காரர் "கையெழுத்து போட்டுட்டு ஓடுங்க!" என்று வர, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி "என்ன பெரியவரே, பொண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்கலையா?" என்று கேட்டார்.

நாலு வீடு தாண்டித் தடியனே நின்றுவிட்டான். கிளட்ச் போன வண்டி மாதிரி மூச்சு வாங்கியது. நானும் நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்தேன். கிண்ணத்தை அவன் பக்கமாக வைத்தேன். வலைத்துணிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வந்தது. மோந்து பார்த்தான். ஒரு வாய் எடுத்தான். நான் அசையவில்லை. தையல்காரம்மா துணியைக்கூட மறந்து வாயில் கை வைத்துக்கொண்டார். "சாப்பிடுறான்" என்று பார்சல்காரர் ரகசியம் மாதிரி சொன்னார். ஆறு நாளைக்கு அப்புறம் அம்மா, கிண்ணத்தின் அடி தெரிகிற வரைக்கும் சாப்பிட்டான். உடனே அங்கேயே, தெரு பார்க்க, தோளில் சாய்த்துக் கழுத்துக்குக் கை கொடுத்து முதுகைத் தட்டினேன். ஏர்பிரேக் விட்ட மாதிரி புஸ்ஸென்று வந்தது பார் ஒரு ஏப்பம்! இஸ்திரிக்காரர் கைதட்டினார். திரும்பி வந்து பார்த்தால் மகாராணி தானே இறங்கிவந்து, மண் தட்டை இன்னும் அள்ளவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து இன்று பத்தாம் நாள் வரை ஒரு வேளை தவறவில்லை. தின்கிறான், தோளுக்கு வருகிறான், ஏப்பம் விடுகிறான், பாட்டுக் கேட்கிறான். நேற்று நாய் டாக்டர் வந்து எடை பார்த்து "முக்கால் கிலோ ஏறியிருக்கே!" என்றார். பல்லைப் பார்க்கக் கன்னத்தைப் பிடித்தார். "பல்லோட நிறுத்திக்குங்க டாக்டர், முத்தம் கித்தம் வேணாம்" என்றேன். "எனக்கு அந்த உத்தேசமே இல்லைங்க" என்றார். ஆனாலும் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

கடைசியாக ஒரு குறை. நேற்றைக்கு இந்தத் தையல்காரம்மா உன் ஃப்ரிட்ஜ் தாளை விரல் வைத்து எண்ணிவிட்டு, "பெரியவரே, இதுல பத்தொன்பதுதான் இருக்கு. ஏப்பம், முத்தம், தாலாட்டு ஒண்ணையும் காணோம்" என்கிறார். "அப்போ தாள் தப்பு" என்றேன். "எழுதினது எப்படித் தப்பாகும்? உங்களுக்கு வயசாச்சு" என்றார். பத்தொன்பதையும் தலைகீழாக, வால் வெட்டுக்காயத்துக்குப் போடும் களிம்பு முதல், காதில் உண்ணி பார்ப்பது, கழுத்துப்பட்டையில் இரண்டு விரல் நுழைய இடம் விடுவது, வெங்காயம் திராட்சை கொடுக்கக் கூடாது என்பது வரை ஒப்பித்துக் காட்டினேன். ஒன்று விடாமல் சரி என்று ஒத்துக்கொண்டார். (எழுதுங்கள் அம்மா, அதையும் எழுதுங்கள்.) ஆகவே விட்டுப்போன ஏழையும் நீ வந்ததும் தாளில் சேர்த்துவிடு. எழுதினவளே மறந்ததைப் படிக்காதவன் காப்பாற்றினான் என்று என் மகனிடம் மறக்காமல் சொல்.

நீங்கள் ஏறும் வண்டி பஞ்சர் இல்லாமல், இறங்கும் இடத்தில் மழை இல்லாமல், போன உடம்பு போனபடியே வந்து சேர என் ஆசிகள். தையல்காரம்மா விசாரிக்கிறார். மகாராணி விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் மாமனார்
(கைநாட்டு. பக்கத்தில் இருக்கும் பெரிய கைநாட்டு தடியனுடையது)

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் கொஞ்சம் நிறுத்திவை. கைநாட்டு காய்வதற்குள் உன் தங்கை, ஒன்றரை மாசக் கைக்குழந்தைக்காரி, போன் செய்தாள். "மாமா, அக்கா எப்போ வர்றா? ஊருக்குக் கிளம்புற அன்னைக்குப் போன்ல மூச்சுவிடாம சொன்னதையெல்லாம் எழுதிவெச்சுச் செய்யறேன். தினமும் குழந்தை காதுல உண்ணி இருக்கான்னு பார்க்கிறேன், இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. சட்டைக் கழுத்துல ரெண்டு விரல் நுழையுது. வாலை இறக்கி வெச்சிருந்தா டாக்டர்கிட்ட காட்டுன்னாளே, அது மட்டும்தான் எனக்கு விளங்கல" என்றாள். முடிக்குள்ளே உன் காதில் போன் பேசும் அந்த வெள்ளைச் சாமானை மாட்டிக்கொண்டு நீ ஒரே வாயில் இரண்டு வீட்டுக்கும் படித்திருக்கிறாய். எனக்கு ஞாபகம் தப்பவில்லை அம்மா, விலாசம்தான் தப்பிவிட்டது. தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் பேனா இரண்டு தரம் கீழே விழுந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்குக் கிண்ணத்தை வைத்துவிட்டு, முக்காலியை மறைத்துவிட்டு, நாயை நாயாக நடத்துவதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். கிண்ணத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு பருக்கை தொடவில்லை. கால் மணி ஆயிற்று. தலையைத் தரையில் வைத்துவிட்டான், நீ கிளம்பின அன்றைக்கு வைத்தானே அதே மாதிரி. "வீம்பு யாருக்கு பெரியவரே? உட்காருங்க" என்றார் தையல்காரம்மா. உட்கார்ந்தேன். வந்து ஏறினான். ஏப்பத்தை முதலிலேயே விட்டுவிட்டு, இறங்கிப்போய்க் கிண்ணத்தை நக்கிக்கொண்டே சமையலறை வரை தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அதனால் தாளில் எதைச் சேர்ப்பாயோ, எதை அடிப்பாயோ, உன் இஷ்டம். வந்து இறங்கினதும் முக்காலியில் உட்கார்ந்து வலது தோளைக் காட்டு. இடது தோளுக்கு அவன் வருவதில்லை.